இந்தப் பதிப்பில் திறக்காது

ஆறாவது முறையும் கம்ப்யூட்டர் அதையேதான் சொன்னது. ‘இந்தக் கோப்பு பழைய முறையில் பூட்டப்பட்டுள்ளது. பாதுகாப்பு காரணமாக இந்தப் பதிப்பில் திறக்க இயலாது.’ கீழே ‘சரி’ என்று ஒரே ஒரு பொத்தான். சரியில்லை என்று சொல்ல ஒரு பொத்தான் வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

எலும்பு கிளினிக்கில் படம் எடுக்கும் எக்ஸ்ரே அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு ஏழாவது முறை பாஸ்வேர்டைத் தட்டினாள். பாஸ்வேர்டில் தப்பே கிடையாது. அது அவளும் எழுத்தாளரும் கல்யாணம் செய்துகொண்ட தேதி. எழுத்தாளருக்கு அந்தத் தேதி மனதில் நிற்காது என்பதால், துண்டுச் சீட்டில் எழுதி ஒன்பது வருஷமாகத் தன் கைப்பையில் அவள்தான் வைத்திருக்கிறாள்.

“விட்டுடும்மா. நமக்குக் கொடுத்து வச்சது அவ்வளவுதான்” என்றார் எழுத்தாளர், சோபாவில் கால் நீட்டியபடி.

“நீங்க சும்மா இருங்க. எழுதினவருக்கே இல்லாத அக்கறை எனக்கு இருக்கு” என்றாள் அவள்.

எழுத்தாளர் என்பது அவள் கணவர். குடிநீர் அலுவலகத்தில் புகார்ப் பிரிவில் வேலை. ‘தங்கள் புகார் கிடைக்கப்பெற்றது, ஆவன செய்யப்படும்’ என்று நாளைக்கு நாற்பது கடிதம் போடுவார். அதைத் தவிர அவர் எழுதி ஒரு வரிகூட அச்சில் வந்ததில்லை. ஆனாலும் சொந்தக்காரர்கள், அக்கம்பக்கம், கடைக்காரர் வரை எல்லோருக்கும் அவர் எழுத்தாளர்தான். அப்படி ஆக்கியது அவள்.

ஏழு வருஷம் அவர் ஒரு நாவல் எழுதினார். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குச் சின்ன அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினால் ஒரு மணிக்குத்தான் வெளியே வருவார். அந்த நான்கு மணி நேரமும் அவள் வீட்டில் மிக்ஸி ஓடாது. குக்கர் விசில் அடிக்கப் போகிறது என்று தெரிந்தால் ஓடிப்போய் அடுப்பை அணைப்பாள். தட்டு கீழே விழுந்துவிடக் கூடாதே என்று தட்டுகளுக்கு நடுவே துணி விரித்து அடுக்குவாள். மகளைக் குதிகால் படாமல் நடக்கப் பழக்கியதில், அவள் இன்றைக்கும் ஹாஸ்டலில் அப்படித்தான் நடக்கிறாளாம். திடீரென்று பின்னால் வந்து நிற்கிறாள் என்று அறைத்தோழிகள் அலறுகிறார்களாம்.

அறைக்குள்ளிருந்து தட்டச்சு சத்தத்தைவிட மவுஸ் சத்தம்தான் அதிகம் கேட்கும். எழுதுவதைவிட யோசிப்பதுதான் பெரிய வேலை என்று எழுத்தாளர் விளக்குவார். அவளும் தலையாட்டுவாள்.

அந்த ஏழு வருஷத்தில் அவளுக்கு நஷ்டம் என்றால் அக்காதான். ஞாயிற்றுக்கிழமையில் யார் வந்தாலும் வாசலோடு அனுப்பிவிடுவாள். ஒரு தடவை அக்காவையும் அப்படி அனுப்பினாள். அன்றைக்கு நின்றது பேச்சுவார்த்தை. புத்தகம் வந்ததும் முதல் பிரதியை எடுத்துக்கொண்டு நேரே அக்கா வீட்டுக்குப் போய், ‘இதுக்காகத்தான்’ என்று கையில் கொடுக்க வேண்டும். இந்த ஒரு காட்சியை அவள் மனதில் எத்தனையோ தடவை ஓட்டிப் பார்த்துவிட்டாள். அக்கா கண் கலங்குவதுவரை தயாராக இருந்தது.

நாவல் முடிந்ததும் எழுத்தாளர் அதைப் பூட்டினார். சூட்டோடு சூடாக அச்சுக்குக் கொடுக்கக் கூடாது, கொஞ்ச காலம் ஆறப் போட வேண்டும் என்றார். புத்தகமாக வரும்வரை யாரும் படிக்கக் கூடாது என்றும் சொன்னார். ஒரு பென் டிரைவில் அதை வாங்கி, நகைப் பெட்டிக்குள் பஞ்சு சுற்றி வைத்தாள். பாஸ்வேர்டு கையில் இருந்தும் ஒரு நாள்கூடத் திறந்து பார்த்ததில்லை. ஊரார் எலும்பையெல்லாம் உள்ளே புகுந்து பார்ப்பவள், இதை மட்டும் பார்க்கவில்லை. அப்படி ஒரு மரியாதை.

ஒன்பது வருஷம் ஆறிய பிறகு, போன வாரம் அவளுக்கு அதிர்ஷ்டம் மணிக்கட்டு உடைந்து வந்தது. அவள் வேலை பார்க்கும் எலும்பு கிளினிக்குக்கு ஒரு பதிப்பாளர் வந்தார். அவர் கையை எக்ஸ்ரே தட்டின் மேல் வைத்து, அசையக் கூடாது, மூச்சை அடக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு நாவலைப் பற்றி ஆரம்பித்தாள். மணிக்கட்டுப் படத்துக்கு மூச்சை அடக்கத் தேவையே இல்லை. அவர் குறுக்கே பேசாமல் இருக்க அது உதவியது. கடைசியில் அவர், இந்த வருஷத்துக்கு இன்னும் ஒரு புத்தகத்துக்குத்தான் இடம் இருக்கிறது, சனிக்கிழமை மதியத்துக்குள் அனுப்பினால் படித்துப் பார்க்கிறேன் என்றார். வாக்குக் கொடுத்தாரா, வலி தாங்காமல் சொன்னாரா என்பது வேறு விஷயம்.

இன்றைக்குத் திங்கட்கிழமை. பஞ்சிலிருந்து எடுத்த பென் டிரைவ் வீட்டுப் புதுக் கம்ப்யூட்டரில் செருகி இருக்கிறது. கம்ப்யூட்டர் முடியாது என்கிறது.

மகளுக்குப் போன் போட்டாள். மகள் பொறுமையாகக் கேட்டுவிட்டு விளக்கினாள்.

“அந்தக் காலத்துப் பூட்டு ரொம்ப வீக்காம்மா. யார் வேணா உடைச்சிடலாம். அதனால புது வெர்ஷன்ல அதை எடுத்துட்டாங்க.”

“யார் வேணா உடைக்கலாம்னா, சாவியைக் கையில வச்சிருக்கிற எனக்கு ஏன் திறக்க மாட்டேங்குது?”

சாஃப்ட்வேரின் பழைய வெர்ஷனை எங்கிருந்தாவது பிடித்துப் போட்டால் திறக்கும் என்று மட்டும் சொல்லி மகள் போனை வைத்துவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை காலை, ஆச்சரியமாக எழுத்தாளரே முன்வந்தார். அவள் குளித்துவிட்டு வருவதற்குள் புது வெர்ஷனைக் கம்ப்யூட்டரிலிருந்து மொத்தமாக அழித்திருந்தார். பழசு வர வேண்டுமென்றால் புதுசு இடம் விட வேண்டும், பஸ்ஸில் ஸீட் மாதிரி, என்றார். பழசை ஏற்றிப் பார்த்தார்கள். ‘இந்தக் கம்ப்யூட்டர் மிகவும் புதியது’ என்று அது உட்கார மறுத்துவிட்டது. சரி, புதுசையாவது திரும்ப வைக்கலாம் என்றால் அது ஓர் இருபத்தைந்து எழுத்து எண்ணைக் கேட்டது. அந்த எண் கம்ப்யூட்டர் வந்த அட்டைப்பெட்டியில் ஒட்டியிருந்தது. அட்டைப்பெட்டி பழைய பேப்பர்காரரோடு போய் ஆறு மாதம் ஆகிறது.

ஆக, நேற்றுவரை ஒரு கோப்புதான் திறக்கவில்லை. இன்றைக்கு எந்தக் கோப்பும் திறக்கவில்லை. அதில் கிளினிக்கின் ஷிஃப்ட் அட்டவணையும் ஒன்று. அதை வீட்டில் வைத்துத் தயாரிப்பது அவள்தான். பதினோரு மணிக்கு மதிய ஷிஃப்டுக்கு மூன்று பேர் வந்து நின்றார்கள். மாலை ஷிஃப்டுக்கு ஒருவரும் வரவில்லை. எலும்பு டாக்டர் அவளைக் கூப்பிட்டு, “வெளியே எட்டுப் பேர் உடைஞ்ச காலோட உட்கார்ந்திருக்காங்க. உங்க வீட்டுல என்னம்மா உடைஞ்சுது?” என்று கேட்டார். தன் ஷிஃப்டோடு மாலை ஷிஃப்டையும் அவளே பார்த்துவிட்டு வீடு திரும்பியபோது, தலையில் யாரோ ஆணி அடிப்பது போல இருந்தது.

ஆனாலும் வரும் வழியில் ஒரு யோசனை பிறந்திருந்தது. நாவல் எழுதிய அதே பழைய கம்ப்யூட்டர் பரணில்தான் இருக்கிறது. அதில் அதே பழைய வெர்ஷன் இருக்கும். அம்மாவைக் கண்ட குழந்தை மாதிரி கோப்பு தானாகத் திறந்துகொள்ளும்.

எழுத்தாளரை ஏறச் சொன்னாள். அவருக்குத் திடீரென்று இடுப்பு பிடித்துக்கொண்டது. எந்த இடம் என்று அவள் தொழில்முறையில் விசாரிக்கவும், பிடிப்பு முதுகுக்கு மாறியது. அவளே ஏணி வைத்து ஏறி, பழைய டி.வி. மாதிரி கனத்த அந்தத் திரையையும் பெட்டியையும் இறக்கினாள். தூசியில் பத்து தும்மல் தும்மினாள். சுவிட்சைப் போட்டதும் கம்ப்யூட்டர் நீண்ட நேரம் உறுமிவிட்டுக் கண் திறந்தது. பழைய வெர்ஷன் அங்கேயே, அப்படியே இருந்தது. அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

பென் டிரைவைச் செருகும் துளை பெட்டியின் பின்பக்கம் இருந்தது. டார்ச் எடுத்து வரச் சமையலறைக்குப் போனாள். போய் வர ஒரு நிமிஷம்தான் ஆகியிருக்கும். திரும்பி வந்தால் திரை முழுக்க நீலம். நடுவே ஒரு பட்டை மெதுவாக நிரம்பிக்கொண்டிருந்தது.

“என்ன ஆச்சு?”

“அதுவா ஒரு கேள்வி கேட்டுச்சு. எல்லாத்தையும் அழிச்சுட்டுப் புதுசா ஆரம்பிக்கலாமான்னு.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“ரெண்டு தடவை வேண்டாம்னேன். மூணாவது தடவையும் கேட்டுச்சு. மனுஷன் எத்தனை தடவைதான் வேண்டாம்னு சொல்றது.”

கையில் இருந்த டார்ச்சை அவர் மண்டையில் போடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. போடவில்லை. படைப்பாளிகளுக்கு உலக விவகாரம் தெரியாது என்று பல வருஷமாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வந்ததை இப்போதும் ஒரு தடவை சொல்லிக்கொண்டாள். அதற்குள் பட்டை நிரம்பிவிட்டது.

புதன்கிழமை காலை பழைய கம்ப்யூட்டரை ஆட்டோவில் ஏற்றினாள். கிளினிக்குக்கு நான்கு தெரு தள்ளி ஒரு ரிப்பேர் கடை. ‘எந்தக் காலத்து மெஷினும் பார்க்கப்படும்’ என்று பலகை. உள்ளே மெக்கானிக் ஒருவர் திருப்புளியை வாயில் கவ்விக்கொண்டு ஒரு பிரிண்டரின் வயிற்றுக்குள் தலையை விட்டிருந்தார். முன்னால் மேசையில் அவருடைய அக்கா, கார்பன் பேப்பர் வைத்த ரசீதுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். கடையில் வாய் பேசுவது அந்த அக்காதான். மெக்கானிக் தலையை மட்டும் ஆட்டுவார்.

ரசீது அக்கா பொறுமையாகக் கதையைக் கேட்டாள். இந்த மாதிரிப் பழைய பூட்டுக் கேஸ் வாரத்துக்கு இரண்டு வருகிறது, தம்பியிடம் எல்லா வெர்ஷனும் டப்பாவில் இருக்கிறது, பார்த்துவிடலாம் என்றாள். எக்ஸ்ரே அம்மா பென் டிரைவையும், கைப்பையில் ஒன்பது வருஷம் பத்திரமாக இருந்த துண்டுச் சீட்டையும் கொடுத்தாள்.

“யார் பேருல ரசீது போடட்டும்?”

“எழுத்தாளர்னு போடுங்க.”

“போன் நம்பர்?”

எக்ஸ்ரே அம்மா தன் நம்பரைச் சொல்ல வாயெடுத்தவள், மனம் மாறிக் கணவர் நம்பரைச் சொன்னாள். “திறந்ததும் முதல்ல அவர்தான் பார்க்கணும். அதுதானே முறை. அவர் எழுதினது” என்றாள். அக்கா அதையும் ரசீதின் ஓரத்தில் எழுதிக்கொண்டாள்.

அன்று மாலை எழுத்தாளர் ஆபீஸிலிருந்து கொஞ்சம் தாமதமாக வந்தார். கடையில் கூப்பிட்டார்கள், போய்விட்டுத்தான் வருகிறேன் என்றார். சட்டையைக் கூட மாற்றாமல் நேரே சமையலறைக்குப் போய், தொட்டியில் கிடந்த பாத்திரங்களைக் கழுவ ஆரம்பித்தார். கல்யாணமான நாளிலிருந்து அந்தத் தொட்டிப் பக்கம் போகாத மனுஷன். அதுவும் ஒரு தட்டு இன்னொரு தட்டில் படாமல், சத்தமே வராமல் கழுவினார்.

“என்னங்க சொன்னாங்க?”

“முடியாதுன்னுட்டாங்கம்மா” என்றார், குழாயைப் பார்த்தபடி.

அவருக்கு எவ்வளவு துக்கம் இருந்தால் பாத்திரம் கழுவுவார் என்று நினைத்துக்கொண்டாள். ஆறுதலாக முதுகில் தட்டிக் கொடுத்தாள். எழுத்தாளர் கழுவிய தட்டையே மறுபடி எடுத்துக் கழுவினார்.

துக்கம் அவருக்கு, கோபம் அவளுக்கு. வியாழக்கிழமை முழுக்க அவள் யாரைப் பார்த்தாலும் சாஃப்ட்வேர்காரர்களைத் திட்டினாள். தாத்தா காலத்துப் பீரோவைக்கூட அதே பழைய சாவி இன்றைக்கும் திறக்கும், ஒன்பதே வருஷத்தில் பூட்டையே மறந்துபோகிற ஜென்மங்கள் எதற்காகப் பூட்டு விற்க வேண்டும் என்று, தோள்பட்டை இறங்கி வந்த ஒருவரிடம் கேட்டாள். அவர் வலியோடு ஆமோதித்தார். வேறு கடைக்குக் கொண்டுபோகலாம் என்று எழுத்தாளரிடம் சொன்னாள். மெக்கானிக் இன்னும் முயற்சி செய்துகொண்டிருக்கிறார், நடுவில் பிடுங்கினால் கோபித்துக்கொள்வார் என்று அவர் தடுத்துவிட்டார். முடியாது என்றவர் என்ன முயற்சி செய்கிறார் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

வெள்ளிக்கிழமை பதிப்பாளரே கூப்பிட்டார். கட்டுப் போட்ட கையால் போன் பிடிக்க முடியவில்லை, அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன் என்று ஆரம்பித்தார். நாளை மதியம் பன்னிரண்டு மணி. நாவல் முழுதாக வராவிட்டாலும் பரவாயில்லை, முதல் அத்தியாயம் வந்தால் போதும்.

எக்ஸ்ரே அம்மாவுக்கு உடம்பில் புது ரத்தம் ஓடியது. டாக்டரிடம் தலைவலி என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தாள். எழுத்தாளரையும் தலைவலி என்று சொல்லி வரச் சொன்னாள். அவர் வந்தபோது அவருக்கு நிஜமாகவே தலை வலித்தது. மேசையில் ஒரு கட்டு வெள்ளைத்தாளும் இரண்டு பேனாவும் இருந்தன. ஒரு பேனா தீர்ந்தால் மாற்றுவதற்கு இன்னொன்று.

“ஏழு வருஷம் எழுதினது மனசுக்குள்ளதானே இருக்கும். நீங்க சொல்லுங்க, நான் எழுதறேன்.”

எழுத்தாளர் உட்கார்ந்தார். எழுந்தார். ஜன்னலைச் சாத்தினார். வெளியே சத்தம் அதிகம் என்றார். அவள் தெருவில் இறங்கிப் பக்கத்து வீட்டு மரவேலைக்காரரின் ரம்பத்தை நிறுத்திவிட்டு வந்தாள். தெருவே அமைதியானது. எழுத்தாளர் மேலே மின்விசிறியைப் பார்த்தார். அவள் மின்விசிறியையும் நிறுத்தினாள்.

“மழை பெய்துகொண்டிருந்தது” என்றார் எழுத்தாளர்.

எழுதினாள். பேனாவைத் தூக்கிக்கொண்டு காத்திருந்தாள். ஐந்து நிமிஷம் மழை பெய்தது.

“குழாயில் தண்ணீர் வரவில்லை” என்றார்.

அதையும் எழுதினாள். நல்ல முரண் என்று அவளுக்குப் பட்டது. நெற்றியில் வியர்வை வழிய எழுத்தாளர் அடுத்த வாக்கியத்துக்கு வாயைத் திறந்தார்.

“தங்கள் புகார் கிடைக்கப்பெற்றது.”

அவள் பேனாவை வைத்துவிட்டாள். அவரைப் பார்க்கவே பாவமாக இருந்தது. பத்தொன்பது வருஷ ஆபீஸ் வேலை ஒரு கலைஞனை எப்படித் தின்றிருக்கிறது என்று நினைத்தாள். எழுத்தாளர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

“இந்தாம்மா, நான் உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்.”

“ஒண்ணும் சொல்ல வேண்டாம்” என்றாள் அவள். “ஒரு தடவை எழுதினது மறுபடி அதே மாதிரி வராதுன்னு எனக்கும் புரியுது. மனசைத் தளர விடாதீங்க. நான் இருக்கேன்ல. நாளைக்கு அந்த மெக்கானிக்கை உண்டு இல்லைன்னு ஆக்கிடறேன்.”

எழுத்தாளர் ஏதோ சொல்ல வந்து, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, சமையலறைக்குப் பாத்திரம் கழுவப் போனார். தொட்டியில் பாத்திரம் எதுவும் இல்லை. அலமாரியிலிருந்து நான்கை எடுத்துக் கழுவினார்.

சனிக்கிழமை காலை எழுத்தாளர் எழுந்திருப்பதற்கு முன்பே அவள் கிளம்பிவிட்டாள். கடை திறக்கும்போதே வாசலில் நின்றாள். மெக்கானிக் இன்னும் வரவில்லை. ரசீது அக்கா மட்டும் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எக்ஸ்ரே அம்மா ரசீதை எடுத்து அவள் முன்னால் வைத்தாள்.

“என் சாமானைக் குடுத்துடுங்க. வேற யார்கிட்டயாவது காட்டிக்கிறேன். பன்னிரண்டு மணி வரைக்கும்தான் எனக்கு நேரம் இருக்கு.”

ஆரம்பித்த பிறகு அவளால் நிறுத்த முடியவில்லை. ஐந்து நாள் ஆத்திரமும் அந்த மேசை மேல் கொட்டியது. ஏழு வருஷம் மிக்ஸி போடாததைச் சொன்னாள். குதிகால் படாமல் நடக்கும் மகளைச் சொன்னாள். வாசலோடு அனுப்பிய தன் அக்காவைச் சொன்னாள். அத்தனையும் ஒரு பென் டிரைவுக்குள் முழுசாக இருந்தும், எவனோ எங்கேயோ உட்கார்ந்து வெர்ஷனை மாற்றியதால் ஒரு பெரிய நாவல் வெளிச்சத்துக்கு வராமலே போகப் போகிறது என்றாள். “பூட்டு மட்டும் திறந்திருந்தா எங்க வீட்டுக்காரர் இன்னிக்கு எங்கேயோ இருந்திருப்பார்” என்று முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ரசீது அக்கா குழப்பத்தோடு அவளைப் பார்த்தாள். ரசீதுப் புத்தகத்தைப் புரட்டிப் புதன்கிழமைப் பக்கத்தை எடுத்தாள். அதில் கிளிப் போட்டுச் செருகியிருந்த ஒரே ஒரு தாளை உருவி, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, தாளையும் எக்ஸ்ரே அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“புதன்கிழமையே திறந்துடுச்சேம்மா, உள்ள மொத்தமே ஒரு வரிதான் இருந்துச்சு, ‘ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு தட்டு விழும் சத்தம்கூட என் காதில் விழாமல் பார்த்துக்கொண்ட என் மனைவிக்கு’ன்னு, சார்தான் ரொம்ப நேரம் அதையே பார்த்துட்டு உட்கார்ந்திருந்துட்டு, இனிமே எந்த வெர்ஷன்லயும் திறக்காத மாதிரி ஒரு நல்ல பூட்டாப் போட்டுக் குடுங்கன்னு கேட்டார்.”